செம்பனை எண்ணெயும் கார்னிட்டின் வாசலும்

செம்பனை எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம், 40 விழுக்காடு ஒலியிக் அமிலம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் ஆன்ரி ஃபோகோனியே தொடங்கிய தென்னமரம் தோட்டம். பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ளது. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் மீன் பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் பழகிப்போன எண்ணெயும் இதுதான். எனவே, இங்குள்ள மருத்துவரும் உணவியலாளரும் பால்மிட்டிக் அமிலத்தைப் பின்தொடர்ந்தாலே கொழுப்பின் வளர்சிதை மாற்றம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

குடலில் கணைய லைப்பேஸ் பிரித்த கொழுப்பு, கைலோமைக்ரானாக மீண்டும் கட்டப்பட்டு நிணநீர் வழியே இரத்தத்தை அடைகிறது. சாப்பிட்டதும் உயரும் இன்சுலின் அதைக் கொழுப்புத் திசுவில் சேர்க்கிறது. இன்சுலின் தாழ்ந்து அட்ரினலின் ஏறினால் சேமிப்பு உடைகிறது. விடுபட்ட கொழுப்பமிலத்தை ஆல்புமின் தசைக்குச் சுமந்து செல்கிறது.

தசை உயிரணுவில் பால்மிட்டிக் அமிலம் முதலில் கோ-ஏயுடன் பிணைகிறது. இதற்கு 2 ஏடிபிக்கு ஈடான ஆற்றல் செலவாகும். பிறகு கார்னிட்டின் துணையோடு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைகிறது. கொழுப்பமிலம் இரண்டிரண்டு கார்பனாகத் துண்டாவதை நூப் 1904-இல் காட்டினார். 16 கார்பன் சங்கிலி 7 சுற்றுகளில் 8 அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. கிரெப்ஸ் சுழற்சியும் எலக்ட்ரான் கடத்தலும் முடியும்போது நிகர வரவு 106 ஏடிபி. பழைய பாடநூல்களில் உள்ள 129 என்ற எண்ணைக் கைவிட வேண்டும்.

மருத்துவருக்கு இந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது கார்னிட்டின் வாசல். அதை மெலோனைல் கோ-ஏ அடைக்கிறது என்று மெகேரி, ஃபாஸ்டர் குழுவினர் 1977-இல் வெளியிட்டனர். மாவுச்சத்தும் இன்சுலினும் மிகுந்தால் மெலோனைல் கோ-ஏ பெருகி வாசல் மூடிக்கொள்ளும். தசை உழைக்கும்போது ஏஎம்பி கைனேஸ் அதன் உற்பத்தியைத் தடுப்பதால் வாசல் திறக்கும். அரிவாளால் குலை வெட்டி, சுமந்து, தள்ளுவண்டி தள்ளிய தலைமுறைக்கு அது நாள் முழுவதும் திறந்தே இருந்திருக்கும். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்த பிள்ளைகள் இயந்திரத்தின் முன்னும் வாகனத்திலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள்; தட்டில் சோறு குறையவில்லை, கோப்பையில் இனிப்பான தே தாரிக்கும் சேர்ந்துகொண்டது. எண்ணெயை மட்டும் குற்றஞ்சாட்டி அறிவுரை கூறும் வழக்கம் இந்த இடத்தில்தான் தவறுகிறது.

எரியாத கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் தேங்குகிறது. அங்கே உருவாகும் டையசைல்கிளிசராலும், பால்மிட்டிக் அமிலத்தையே அடிப்படையாகக் கொண்ட செரமைடும் இன்சுலின் செயற்பாட்டைக் குலைக்கின்றன. இடுப்புச் சுற்றளவும் டிரைகிளிசரைடும் உயர்வதை இனிப்புநீருக்கு முன்னறிவிப்பாகவே கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு.

நீண்ட பட்டினியில் கல்லீரல் அசிட்டைல் கோ-ஏயைக் கீட்டோனாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. இன்சுலின் போதாதபோது இது கட்டுமீறும். எஸ்ஜிஎல்டி-2 தடுப்பு மருந்து உட்கொள்பவர் தைப்பூச விரதம் இருந்தாலோ சோற்றை அடியோடு நிறுத்தினாலோ, சர்க்கரை அளவு பெரிதாக உயராமலேயே இரத்தம் அமிலமாகலாம். அவர் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்புடன் வந்தால், குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணோடு நின்றுவிடாமல் இரத்தக் கீட்டோனையும் உடனே அளக்க வேண்டும். விரதத்துக்கு முன்பே அந்த மருந்தை நிறுத்திவைப்பது பற்றி அவரிடம் பேசியிருக்கவும் வேண்டும்.