காரும் நாங்களும்: திறப்பை எடுத்தால் எல்லாம் அணைய வேண்டும்

சென்ற இதழில் குளிர்கால ரயர்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த இரண்டு மூன்று பேர் எங்களைக் கண்டபோது ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "காருக்குள்ள கமரா, போன் சார்ஜர் எல்லாம் பூட்டினோம். இப்ப விடிய கார் ஸ்ராட் வருகுதில்லை. பற்றறி பழுதோ?"

பற்றறி பழுதாகவும் இருக்கலாம். ஆனால் பல வேளைகளில் பிழை பற்றறியில் இல்லை. வயரை எங்கே கொழுவினோம் என்பதில் இருக்கிறது. இதை நாங்கள் படித்து அறியவில்லை. பட்டுத்தான் அறிந்தோம்.

நாங்கள் மூன்று பேர் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்த காலம் அது. மூவருமாகக் காசு போட்டு ஒரு பழைய கார் வாங்கினோம். அதில்தான் தொழிற்சாலைக்குப் போய் வருவோம். எங்களில் ஒருவர் ஏஜென்சி மூலம் வந்தவர், இன்னும் நிரந்தரமாகவில்லை. விபத்து ஏதும் நடந்தால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று முன் கண்ணாடியில் ஒரு கமரா வைத்தோம். பிளஸ் வயரை நேரே பற்றறியில் கொழுவினோம். மைனஸை ஒரு இரும்பில் முறுக்கினோம். கமரா வேலை செய்தது. பெரிய சந்தோசம்.

அது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். சனி, ஞாயிறு சரியான பனி, காரை எடுக்கவில்லை. திங்கள் விடிய 5 மணிக்குத் திறப்பைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது. வெளியே மைனஸ் 20க்கும் கீழே. பக்கத்து வீட்டுக்காரர் எழும்பி ஜம்பர் கேபிள் கொண்டுவர 7 மணியாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் மேற்பார்வையாளரிடம் பேச்சு விழுந்ததோடு போயிற்று. மற்றவரை அடுத்த கிழமை ஏஜென்சி கூப்பிடவில்லை. அவர் எங்களை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கமரா 5 வாற் எடுக்கிறது என்றால், 12 வோல்ற்றில் அது ஏறக்குறைய 0.4 அம்பியர். வெள்ளி பின்னேரம் முதல் திங்கள் விடியும்வரை 60 மணித்தியாலம். 0.4ஐ 60ஆல் பெருக்கினால் 24. சின்னக் காரின் பற்றறி 45 அல்லது 50 அம்பியர் மணித்தியாலம்தான். பாதி போய்விட்டது. குளிரில் பற்றறியின் பலமும் குறையும், என்ஜின் எண்ணெயும் தடித்துச் சுற்ற மறுக்கும். பற்றறியில் சீ.சீ.ஏ. என்று ஒரு எண் போட்டிருக்கும். அது மைனஸ் 18 பாகையில் ஸ்ராட் பண்ணக்கூடிய பலம். இந்த நாட்டில் பற்றறி வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

ஊரில் சைக்கிள் டைனமோ நினைவிருக்கும். சில்லு சுற்றினால் லைற் எரியும், நின்றால் அணையும். யாரும் அணைக்கத் தேவையில்லை. காரில் நாங்கள் பூட்டும் சாமானும் அப்படித்தான் இருக்க வேண்டும். திறப்பைத் திருப்பினால் வர வேண்டும், எடுத்தால் போக வேண்டும்.

திறப்புப் பூட்டில் நான்கு நிலை உண்டு. முதலாவது நிறுத்தம். இரண்டாவது 'ஏ.சி.சி.', அதில் றேடியோ போன்றவை வேலை செய்யும். மூன்றாவது 'ஓன்', என்ஜின் ஓடும் நிலை. நான்காவது ஸ்ராட். கமராவுக்கும் சார்ஜருக்கும் ஏ.சி.சி. வயர் போதும். ஆனால் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு, என்ஜினை நிறுத்தி, ஏ.சி.சி.யில் மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்டால் அதுவும் பற்றறியைத்தான் தின்னும்.

வயரை வெட்டி ஒட்டத் தேவையில்லை. கார்ச் சாமான் கடையில் 'பியூஸ் ராப்' என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு மல்ரிமீற்றரும் வாங்குங்கள். செய்யும் முறை இது:

1. பியூஸ் பெட்டியில் றேடியோ அல்லது சிகரெற் லைற்றர் பியூஸைத் தேடுங்கள். மீற்றரின் கறுப்பு முனையை இரும்பில் வையுங்கள், சிவப்பு முனையைப் பியூஸின் தலையில் தொடுங்கள். திறப்பு எடுத்திருக்கும்போது 0, ஏ.சி.சி.யில் 12 வோல்ற் அளவில் காட்டினால் அதுதான் உங்கள் இடம். சில கார்களில் லைற்றர் எப்போதும் உயிரோடு இருக்கும். சில கார்களில் திறப்பை எடுத்த பிறகும் கதவைத் திறக்கும்வரை மின் இருக்கும். ஆகவே கதவைத் திறந்து மூடி, சற்றுப் பொறுத்து இன்னொருமுறை பாருங்கள்.

2. எயர்பாக், பிரேக், என்ஜின் கம்பியூட்டர் பியூஸ்களில் கை வைக்க வேண்டாம். மூடியின் உட்பக்கத்தில் பெயர் போட்டிருக்கும்.

3. பியூஸ் ராப்பில் இரண்டு இடம் உண்டு. ஒன்றில் பழைய பியூஸ், மற்றதில் புதியது. கமராவுக்கு 5 அம்பியருக்கு மேல் வேண்டாம். 5 மண்ணிறம், 10 சிவப்பு, 15 நீலம். ராப்பைச் சரியான பக்கமாகப் போட்டோமா என்று அறிய ஒரு வழி உண்டு. பழைய பியூஸ் இல்லாமல் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். கமரா வேலை செய்தால் சரி. இல்லையென்றால் ராப்பைத் திருப்பிப் போடுங்கள்.

4. கமரா வயரிங் செற்றில் மூன்று வயர் வரும். வழக்கமாகச் சிவப்பு ஏ.சி.சி., மஞ்சள் எப்போதும் மின் உள்ள இடம், கறுப்பு மைனஸ். எதற்கும் உங்கள் செற்றின் தாளைப் பாருங்கள். கறுப்பைப் பெயின்ற் இல்லாத இரும்பில், போல்ற்றின் கீழ் இறுக்குங்கள். முறுக்கிவிட வேண்டாம்.

5. கண்ணாடியோரத் தூணில் எயர்பாக் இருந்தால் வயரை அதற்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது. பின்னால்தான் விட வேண்டும்.

கூடுதல் முன்விளக்கு போடுகிறவர்களுக்கு இது போதாது. 55 வாற் விளக்கு இரண்டு என்றால் 9 அம்பியருக்கு மேல். அதைத் திறப்புப் பூட்டின் மெல்லிய வயரில் விட்டால் வயர் சூடாகி உருகும். அதற்கு றிலே வேண்டும். றிலேயின் காலில் எண்கள் இருக்கும். 30க்குப் பற்றறியிலிருந்து 15 அம்பியர் பியூஸ் ஊடாகத் தடித்த வயர். 87இலிருந்து விளக்குக்கு. 86க்குத் திறப்பு போட்டால் மின் வரும் வயர். 85 மைனஸுக்கு. 87ஏ என்று ஒரு கால் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது திறப்பை எடுத்த பிறகு எரியும் கால். பியூஸ் பற்றறிக்குக் கிட்ட, ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பியூஸ் தூரத்தில் இருந்தால், இடையில் வயர் தேய்ந்து இரும்பில் முட்டினால் தீப்பிடிக்கும். எங்கள் முதல் கமரா வயரில் பியூஸே இல்லை. அந்தத் திங்கள் பற்றறி செத்ததோடு போனது என்று இப்போது ஆறுதல்படுகிறோம்.

வேலை தொடங்க முன் பற்றறியின் மைனஸை முதலில் கழற்றுங்கள். முடிந்ததும் மைனஸைக் கடைசியாகப் பூட்டுங்கள். வாடகைக் கார், லீஸ் கார், பட்டனில் ஸ்ராட் ஆகும் புதுக் கார் என்றால் நீங்களாகச் செய்யாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு ஒரு நாள் சம்பளத்திலும் பெரிதல்ல என்று நினைக்க வேண்டாம், பெரிதாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வேலையை இழப்பதிலும் சிறிது.

ஒன்ராறியோவில் 2009 ஒக்ரோபர் 26 முதல் ஓடும்போது போனைக் கையில் பிடிப்பது குற்றம். ஆகவே போன் தாங்கியும் சார்ஜரும் எல்லோருக்கும் தேவைதான். பூட்டுங்கள், முறையாகப் பூட்டுங்கள்.

எங்கள் நண்பருக்குப் பிறகு வேறு வேலை கிடைத்தது. போன மாரியில் சொந்தக் கார் வாங்கி, கமரா பூட்ட எங்களைத்தான் கூப்பிட்டார். வேலை முடிந்ததும் திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். கமராவின் லைற் அணையும்வரை மூன்று பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த இதழில்: பழைய கார் வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது.