சரிந்தது விதியா? முட்டா?

காங்கிரீட் போடும்போது தளம் சரிந்து கூலித் தோழர்கள் மாண்டார்கள் என்று சேதி வரும்போதெல்லாம், "விதி முடிந்தது, யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிடுவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. மேஸ்திரி முதல் செத்தவனுடைய பெண்சாதி வரை இதையே சொல்லுகிறார்கள். அந்த விதி எங்கே இருக்கிறதென்று சற்றுக் குனிந்து பார்த்தால், அது முட்டின் அடியில் இருப்பது தெரியவரும்.

ஈரக் காங்கிரீட்டுக்குத் தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும் சக்தி கிடையாது. 10 அடிக்கு 10 அடி அறைக்கு 5 அங்குல கனத்தில் தளம் போட்டால் ஏறக்குறைய 3 டன் பாரம். அது இறுகிப் பலப்படும்வரை சுமப்பவை இரும்பு முட்டுகளே. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். வேண்டிய உயரத்துக்கு இழுத்து, துளையில் பின் செருகி, மரையைத் திருகி இறுக்குவது. இதில் மர்மம் ஒன்றுமில்லை, கணக்குத்தான் உண்டு. குறுக்குக்கட்டு இல்லாத மெலிந்த முட்டின் நீளம் இரண்டு பங்கானால், அது வளையாமல் தாங்கும் பாரம் நாலில் ஒரு பங்காகிவிடும். அப்படியிருக்க, பின்னுக்குப் பதில் துண்டுக் கம்பியைச் செருகி, ஈர மண்ணில் பலகையில்லாமல் நிறுத்தி, சாய்ந்ததைச் சாய்ந்தபடியே விட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் கட்டிப் பூசணிக்காய் உடைக்கிறார்களே, அந்தப் பழம் எத்தனை டன் தாங்கும் என்று கேட்கிறோம்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்து பெய்லீஸ் கிராஸ்ரோட்ஸ் என்னுமிடத்தில், 1973-ம் வருஷம் மார்ச்சு 2-ந் தேதி, கட்டிக்கொண்டிருந்த உயர்ந்த கட்டிடம் ஒன்று சரிந்து 14 தொழிலாளிகள் மாண்டார்கள். 34 பேர் காயப்பட்டார்கள். அந்நாட்டு நிபுணர்கள் கிரகத்தை நோகவில்லை, காங்கிரீட்டைச் சோதித்தார்கள். 23-வது மாடித் தளம் பலப்படுமுன் அதன் முட்டுகளை எடுத்ததே காரணம் என்று கண்டார்கள்.

நமக்கும் விதி ஒன்று உண்டு. அது தலையில் எழுதியதல்ல. 2000-ம் வருஷம் ஐ.எஸ். 456 என்று அச்சிட்டது. சாதாரண சிமெண்டில், குளிர் மிஞ்சாத காலத்தில், நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டுமென்பது அதன் கணக்கு. முட்டுக்கு நாள் வாடகை ஏறுகிறதே என்று முன்கூட்டிப் பிடுங்குகிறவனுக்கு, "விதி" என்ற சொல்லைவிடச் சௌகரியமான வக்கீல் வேறு யார்?

ஆகவே, தோழர்களே! வீடு கட்டுகிறவர்கள் நல்ல நேரம் கேட்பதை விட்டு, முட்டு எடுக்கும் தேதியைக் கேளுங்கள். வேலை செய்கிறவர்கள் முட்டைப் பார்க்காமல் மேலே ஏறாதீர்கள். வாடகையை மிச்சம் பிடித்தவன் தளத்தின் கீழ் நிற்பதில்லை, நிற்பவர்கள் நீங்கள்தான்.