மூட்டைக்குச் சீட்டு உண்டு, பிள்ளைக்கு இல்லையா?



நாம் ரயில்வே பார்சல் ஆபீசில் பேனா பிடிப்பவர்கள். திருநெல்வேலிக்குப் போகிற ஒரு துணி மூட்டையானாலும் எங்கே ஏறியது, எத்தனை கிலோ, யார் பொறுப்பு என்று எழுதி ஒட்டாமல் வண்டியில் ஏற்றமாட்டோம். வழியில் கெட்டுப்போனால் அந்தச் சீட்டுதான் சாட்சி. ஆனால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையை உருவாக்கிக் கொடுக்கிற தனியார் கருத்தரிப்பு நிலையங்கள் பலவும் தாயின் கையில் கொடுத்து அனுப்புவது என்ன? பணம் கட்டிய பில்லும் ஒரு வாழ்த்து அட்டையும்! அத்தோடு கணக்கு முடிந்ததாம்.

இது பணக்காரர் வீட்டுப் பிரச்சினை என்று எண்ணவேண்டாம். தாராவியிலும் செம்பூரிலும் தாலிச் சங்கிலியை அடகு வைத்து, ஊரில் இருந்த அரைக் குழி நிலத்தை விற்று, அந்த வாசற்படி ஏறியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். ‘மலடி’ என்று கூசாமல் பேசும் நாக்குகளுக்குப் பயந்து ஏறியவர்கள். அந்தப் பிள்ளைகளின் இதயத்தைப் பற்றித்தான் இன்று பேசவேண்டியிருக்கிறது.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 77 லட்சம் பிறப்புகளின் ஏட்டைப் புரட்டி, 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இயற்கையாகக் கருவான குழந்தைகளில் 100-க்கு 1.15 பேருக்குப் பிறவி இதயக் குறை. சிகிச்சையால் கருவானவர்களில் 1.84 பேருக்கு. அவர்களிலும் இரட்டையர், மூவராகப் பிறந்தோரில் 2.47. ஸ்விட்சர்லாந்தில் 2018-ல் பதின்வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது, சிகிச்சையால் பிறந்த 52 பேரில் 8 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். மற்ற 43 பேரில் ஒருவருக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் பதறவேண்டாம். 100-ல் 98 குழந்தைகள் பிறவி இதயக் குறை இல்லாமலே பிறக்கின்றன என்பதும் அதே கணக்குத்தான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023-ஆம் ஆண்டுக் கட்டுரை இரத்த அழுத்தத்தில் பெரிய வேற்றுமை இல்லை என்கிறது. தாயின் வயதா, பெற்றோரின் நோயா, ஆய்வுக்கூடத்து முறையா, எது காரணம் என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1978-ல். இந்த முறையில் பிறந்த ஒருவர்கூட இன்னும் ஐம்பதைத் தொடவில்லை! அப்படியானால் செய்யவேண்டியது என்ன? பயமுறுத்துவதா? மூடி மறைப்பதா? இரண்டும் இல்லை. கவனிக்கவேண்டும், எழுதி வைக்கவேண்டும்.

எழுதி வைத்ததால்தான் அந்த நான்கு நாடுகளுக்கு உண்மை தெரிந்தது. நம் நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. நிலையங்கள் குறைந்தது 10 ஆண்டு ஏடுகளைக் காக்கவேண்டும், பிறகு தேசியப் பதிவேட்டுக்கு அனுப்பவேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் ஏடு அலமாரியில் இருப்பது வேறு. அந்த ஏட்டைப் பார்த்துப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சோதிப்பது வேறு. நம் கதையோ இன்னும் மோசம். சிகிச்சை மும்பையில், பிரசவம் தாய்வீட்டில் திருநெல்வேலியில், வளர்ப்பு மறுபடி தாராவியில். மூன்று ஊர், மூன்று டாக்டர், ஒருவருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது.

முதலாளிமார் சொல்லும் இன்னொரு பசப்பு: “இரண்டு மூன்று கருவை வைத்தால் ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை!” இது தள்ளுபடி வியாபாரமா? இரட்டையர் பலர் குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கிறார்கள். குறைக்கக்கூடிய ஆபத்து இதுதான். ஒரு முறைக்கு ஒரு கரு போதுமா என்று கையெழுத்துப் போடுமுன் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இவ்வளவும் ஏழைக்கு எட்டாது என்பாருக்கு ஒரு செய்தி. 1986 ஆகஸ்டில் இந்த நகரத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது நட்சத்திர ஆஸ்பத்திரியில் அல்ல. நம் வரிப்பணத்தில் நடக்கும் மாநகராட்சியின் கே.இ.எம். மருத்துவமனையில்! பொது ஆஸ்பத்திரியில் தொடங்கிய வித்தையைக் கடைச்சரக்காக்கியது யார்?

நாம் கேட்பது மூன்று. ஒன்று: என்ன சிகிச்சை, எத்தனை கரு, புதியதா உறையவைத்ததா என்று எழுதிய சீட்டைத் தாய்க்குப் புரியும் மொழியில் கொடுக்கவேண்டும். இரண்டு: கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் சிசுவின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்கப் பொது மருத்துவமனையில் வழி வேண்டும். மூன்று: 2013-ல் பால்கரில் தொடங்கி, அங்கன்வாடி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துவரும் மத்திய அரசுத் திட்டத்தில், இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வயது முதல் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். பெரியவர் கைக்கான பட்டையைச் சுற்றினால் கணக்குத் தப்பும். பிள்ளைக் கைக்கேற்ற பட்டை வேண்டும்.

‘செயற்கைப் பிள்ளை, அப்படித்தான் ஆகும்’ என்று வம்பளக்கும் நம்மவர்களே, வாயை மூடுங்கள். உங்கள் நாக்குக்கு அஞ்சித்தான் தாய்மார்கள் டாக்டரிடம்கூட உண்மையைச் சொல்வதில்லை. சீட்டு தாயின் பெட்டியில் இருக்கட்டும், டாக்டர் மட்டும் பார்க்கட்டும், ஊர் பார்க்கவேண்டியதில்லை.

தாய்மார்களே, நாளைக்கே நிலையத்துக்குப் போய்ச் சீட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து போய்க் கேட்போம்!