கறையான் தின்னவில்லை, நாம் கைவிட்டோம்!

“கடல் கொண்டது, கறையான் தின்றது, காலம் அழித்தது.” தமிழ் நூல்கள் மறைந்த வரலாற்றைப் பேச வருவோர் மேடைதோறும் ஓதும் ஒப்பாரி இது. இந்த ஒப்பாரியில் ஓர் ஏந்து உண்டு. கடலைக் கூண்டில் ஏற்ற முடியாது. கறையான்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. குற்றவாளி வாயில்லா உயிராக இருந்துவிட்டால், அருகில் நின்று பார்த்திருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். தமிழன் நெடுங்காலமாக அவ்வாறுதான் போய்க்கொண்டிருக்கின்றான். அவனை நிறுத்திக் கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

ஓலை, கல் அன்று. பனையோலையைப் பதமான பருவத்தில் வெட்டி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்டு, துளையிட்டு, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியும் இலைச்சாறும் கூட்டி மையாடி, சட்டமிட்டு, நாராசம் செருகிக் கயிற்றால் கட்டி எவ்வளவு பேணினாலும் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் வாழ்நாள் ஏறத்தாழ 200, 300 ஆண்டுகள்தாம். அப்படியாயின் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாட்டு நம் கைக்கு எவ்வாறு வந்தது? தொல்காப்பியர் கைப்பட எழுதிய ஏடு ஒன்றும் நம்மிடம் இல்லை. கபிலர் தொட்ட ஓலையும் இல்லை. நம்மிடம் இருப்பவை படிக்குப் படி, அப்படிக்கும் படி. பழைய ஏடு நைந்துபோகும் முன்னே எவனோ ஒருவன், பெயரும் சொல்லாமல், விளக்கடியில் குந்தியிருந்து புதிய ஓலையில் அதனைக் கீறி வைத்தான். அவன் மகனோ மாணவனோ மீண்டும் கீறினான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும். ஒரு நூல் செத்தது.

ஆகவே, கறையான் ஏட்டைத் தின்றது என்பது அரைமெய்யே. படியெடுக்கப்பெறாத ஏட்டைத்தான் கறையான் தின்றது என்பதே முழுமெய். கறையான் எல்லாக் காலத்தும் இருந்தது. படியெடுப்பவன்தான் ஒரு காலத்தில் இல்லாமற் போனான்.

இழப்பின் கணக்கைப் பாருங்கள். பதிற்றுப்பத்தின் பத்துப் பத்துகளுள் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. பரிபாடல் 70 என்பர். முழுமையாகக் கிடைத்தவை 22. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய பாட்டுகளைக் காணோம். புறநானூற்றில் 267, 268 ஆகிய பாட்டுகளைக் காணோம். குறுந்தொகைக்குப் பேராசிரியர் எழுதிய உரையும், அவர் எழுதாமல் விட்ட 20 பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் போயின. வளையாபதியும் குண்டலகேசியும் பிறர் எடுத்தாண்ட சில பாட்டுகளாக மட்டுமே எஞ்சின. இவை வீட்டில் பூசை போட்டுப் போற்றிய நூல்கள் அல்லவா? பூசை போட்டோம், படிக்கவில்லை. படிக்காததனால் படியெடுக்கவும் இல்லை.

படியெடுக்காதது மட்டுமா? அழித்தும் விட்டோம். பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்று வெள்ளத்தில் விடுவது புண்ணியம் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். தமிழன் மஞ்சளும் பூவும் வைத்து மிதக்க விட்டான். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் வரகுண பாண்டியனுடைய ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று உ.வே. சாமிநாதையர் அங்குப் போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இடவேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும், அவ்வாறே இட்டுவிட்டதாகவும் அங்கிருந்தார் விடை கூறினர். இதை எழுதிவைத்தவர் ஆகமத்தை வெறுத்தவர் அல்லர். ஆசாரம் தவறாத அந்தணர். அவர் நெஞ்சமே எரிந்தது என்றால், அந்தத் தீ எத்தகைய தீ என்று எண்ணிப் பாருங்கள். எந்த மொழிக்காரனாவது தன் பாட்டன் நூலை நெய் ஊற்றி எரித்துவிட்டு, அதற்கு நூற்சான்றும் காட்டுவானா? தமிழ் படியாதவனுக்கு ஆகமம் எதைச் சொன்னாலும் வேதவாக்கு. தன் மொழியைத் தான் படியாதவன் பிறன் சொல்லும் எதையும் நம்புவான் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

இந்த இருளில் விளக்கெடுத்தவர்களை மறத்தல் கூடாது. ஈழத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரனார் 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டார். 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இல் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் சூளாமணி எனத் தம் கைப்பொருளையும் உடல்நலத்தையும் செலவிட்டு அச்சேற்றினார். குடந்தையில் 1880-இல் சேலம் இராமசாமியார் கேட்ட கேள்வி சாமிநாதையரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பியது. 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அவர் கையால் தமிழ் மீண்டும் பிறந்தது. ஒருவரை ஏற்றி மற்றவரை மறைப்பது நன்றி கொன்ற செயல். ஈழமும் தமிழகமும் இணைந்தே இந்த மீட்பைச் செய்தன.

ஆனால் ஒன்றை உற்று நோக்குங்கள். சிந்தாமணியின் பொருள் விளங்காமல் சாமிநாதையர் திகைத்தபோது விளக்கம் தந்தவர் யார்? குடந்தைச் சமணக் குடும்பத்தார். அவர்கள் அந்நூலைப் பேழையில் பூட்டவில்லை. வழிவழியாகப் படித்தும் கேட்டும் வந்தார்கள். அதனால் ஏடும் இருந்தது. ஏட்டின் பொருளும் இருந்தது. படிப்பவன் இருக்கும் வீட்டில் நூல் சாவதில்லை.

நம்மைப் போன்றே ஆட்சிமொழி உரிமையைப் பறிகொடுத்த சிற்றினம் ஒன்று மேற்கே உண்டு. அது வேல்சு நாடு. 1536-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டு வழக்குமன்றங்களில் ஆங்கிலமே மொழியாயிற்று. வேல்சு மொழி மட்டும் அறிந்தவனுக்கு அரசுப் பதவி இல்லையாயிற்று. அதே காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டு அவற்றின் சுவடிகள் சிதறின. அம்மொழி அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏன்? கெல்லிலிவ்டி என்னும் ஊரைச் சேர்ந்த சான் சோன்சு என்பவர் கடன்பட்டு இலண்டன் சிறையில் கிடந்தபோதும், தம் மொழியின் பழஞ்சுவடிகளை அழகிய கையெழுத்தில் படியெடுத்துக்கொண்டே இருந்தார். எங்குர்த்து என்னும் இடத்தில் வாழ்ந்து 1667-இல் மறைந்த இராபர்ட்டு வாகன் என்பவர் தம் வாழ்நாளெல்லாம் சுவடி தொகுத்தார், படியும் எடுத்தார். சோன்சின் சுவடிகளும் அவரிடமே வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 1250-இல் எழுதப்பெற்ற கார்மார்தன் கருஞ்சுவடியும் அந்தத் தொகுப்பிலிருந்தே வந்தது. 1907-இல் அந்நாட்டார் தமக்கென்று தேசிய நூலகம் கண்டபோது, இத்தொகுப்பே அதன் அடிக்கல்லுள் ஒன்றாயிற்று. அரசில்லை, படையில்லை, சிறையில் இருந்தவனும் ஊர்ப்புறத்தில் இருந்தவனும் எழுதிய எழுத்து ஒரு மொழியைக் காத்தது. சிறைக்குள் அவனுக்குக் கிடைத்த நேரம், வெளியே உலவும் நமக்குக் கிடைக்கவில்லையாம்!

இனி நம் வாயிற்படிக்கு வருவோம். சென்னையின் தென்புறம், பல்லாவரம் முதல் பழைய மாமல்லபுரச் சாலை வரை, வேறெந்த மொழிக்காரனும் பொறாமைப்படத் தக்க மண். 1911-இல் கிறித்தவக் கல்லூரிப் பணியை விட்ட மறைமலையடிகள் வந்தமர்ந்தது பல்லாவரத்தில். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் முளைத்தது அங்கே. தாம் உயிரெனச் சேர்த்த நூல்களைத் தமிழ்மக்களுக்கே விட்டுச்சென்றார் அடிகள். 1958-இல் அது நூல்நிலையமாயிற்று. அவர் பணியாற்றிய கல்லூரியே 1937-இல் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. பெசன்ட் நகரில் சாமிநாதையர் பெயரால் 1943-இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் அவருடைய சுவடிகளைக் காக்கின்றது. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருக்கின்றது. செம்மஞ்சேரி ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு 1997-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகின்றது. பெரும்பாக்கத்தில் 2022-இல் செம்மொழி நிறுவனத்துக்குப் புதிய கட்டடம் திறக்கப்பெற்றது.

கட்டடத்துக்குக் குறைவில்லை. ஏட்டுக்கும் குறைவில்லை. ஏடு படிப்பவன் எங்கே?

ஏட்டெழுத்து என்பது அச்செழுத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எளிதன்று. ஓலை கிழியும் என்று புள்ளி இடமாட்டார்கள். ககரமும் ககர மெய்யும் ஒன்றாகவே நிற்கும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. எரியும் ஏரியும் ஒன்று, கொடுவும் கோடுவும் ஒன்று. காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாட்டும் உரைநடைபோல் ஓடும். இவற்றை இலக்கணம் அறிந்தவன், யாப்பு அறிந்தவன், பொருள் அறிந்தவன் மட்டுமே பிரித்துப் படிக்க இயலும். மருத்துவ ஏட்டில் ஒரு கால் ரகரமாகிப் போனால் மூலிகையே மாறிப்போகும்; ஓர் அளவுக் குறியைப் பிழைபடப் படித்தால் மருந்தே நஞ்சாகும். புலவனுக்கு மட்டுமன்று, நோயாளிக்கும் இது வாழ்வுச் சிக்கல்.

“ஒளிப்படம் எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டோம், இனி அழிவில்லை” என்று இன்று மார்தட்டுகின்றார்கள். படம் எடுப்பது நன்று, வேண்டற்பாலது. அதனைக் குறைகூறவில்லை. ஆனால் படிக்கத் தெரியாதவன் கையில் உள்ள படத்துக்கும், படிக்கத் தெரியாதவன் பரண்மேல் உள்ள ஏட்டுக்கும் என்ன வேறுபாடு? முன்னதைக் கறையான் தின்னாது, அவ்வளவே. கணினியே படித்துச் சொல்லிவிடும் என்பார் உளர். அந்தக் கணினிக்குக் கற்பிப்பவன் யார்? ஏடறிந்தவன் ஒருவன் பல்லாயிரம் வரிகளைப் பிழையறப் படித்துக் கொடுத்தாலன்றி அப்பொறி எதைக் கற்கும்? 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றிய அரசு ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளுக்கென ஒரு திட்டம் அறிவித்தது. ‘ஞான பாரதம்’ என்பது அதன் பெயர். பெயரிலேயே தமிழ் இல்லாத திட்டத்தில், தமிழ் ஏட்டுக்கு எத்தனையாவது வரிசையில் இடம் என்று கேட்டு விழித்திருப்பது நம் கடன். தமிழ் ஏடு படிப்பாரைத் தில்லி உண்டாக்கித் தாராது. நாமே உண்டாக்க வேண்டும்.

ஒரே படி, ஒரே இடம் என்பது எத்துணைப் பேரிடர் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சு நூலுக்கு வேறிடத்தில் உடன்பிறப்பு இருந்தது. படியெடுக்காத ஏட்டுக்கு யார் இருந்தார்? பகைவன் எரித்தான் என்று நாம் அழுவதில் நேர்மை உண்டு. ஆனால் கரிவலத்தில் நெய்யூற்றிய கை பகைவன் கையா?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் வாழும் அன்பர்களே! நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த உங்கள் பெற்றோர், பாட்டனாரின் வைத்திய ஏட்டையும் கணக்கேட்டையும் பெட்டியில் கொண்டுவந்திருக்கலாம். ஓட்டு வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பும்போது பரண்பொருள் எல்லாம் பழம்பொருள் வண்டியில் ஏறுகின்றது. அந்த வண்டியை மறியுங்கள். நாம் கேட்பவையும் செய்ய வேண்டியவையும் இவை:

1. எந்த ஏட்டையும் ஆற்றிலும் தீயிலும் இடோம் என்று குடும்பந்தோறும் உறுதி கொள்க. ஏட்டை நீரால் கழுவாதீர், ஒட்டாதீர், கட்டின் வரிசையைக் கலைக்காதீர். எந்த ஊர், எக்குடும்பத்து ஏடு என்று ஒரு தாளில் எழுதி உடன் வைத்து, சுவடி நூலகம் ஒன்றுக்குக் காட்டுக.

2. தமிழ் இளங்கலை, முதுகலை பயில்வோரும் சித்த மருத்துவம் பயில்வோரும் ஏட்டெழுத்தைப் படித்துத் தேறாமல் பட்டம் பெறலாகாது என்று அரசு விதி செய்க.

3. சுவடி வைத்திருக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பட்டியலைத் தமிழில் வெளியிடுக. படத்தோடு நில்லாமல், எழுத்துப்படியையும் ஆண்டுதோறும் வெளியிடுக.

4. ஒவ்வொரு சுவடியின் படியும் வெவ்வேறு ஊர்களில் மூன்றிடங்களிலேனும் இருக்கச் செய்க.

5. நம் மன்றங்கள் கிழமைக்கு ஒரு மாலையைச் சொற்பொழிவுக்கு விடாமல் ஏட்டுப் பயிற்சிக்கு விடுக. நம் மேடைகளில் தமிழை உயிர் என்று முழங்குவோருள் ஓர் ஏட்டை எடுத்து ஒரு வரி படிக்கவல்லார் எத்தனை பேர் என்று விரலை மடக்கிப் பாருங்கள்.

பழிசொல்லப் பகைவர் பலர் உளர்; அவர்தம் குற்றமும் மெய்யே. ஆயினும், படித்துப் படியெடுக்கும் இனத்தின் நூலை எப்பகைவனும் முற்றாக அழித்ததில்லை. பெயர் சொல்லாமல் விளக்கடியில் எழுதிவைத்துப் போன அந்தத் தமிழன் நம்மிடம் கேட்பது மாலையன்று, சிலையன்று. அவன் எழுதியதை ஒருமுறை படிக்கச் சொல்கின்றான். படித்தபின், அடுத்தவனுக்காக ஒருமுறை எழுதச் சொல்கின்றான். எழுத்தாணி ஏந்திய அக்கைக்கு எழுதுகோல் ஏந்தியேனும் விடை சொல்வோம், வாருங்கள்!