33 டிகிரியிலும் ஆபத்து உண்டு
தொடர்ந்து 3 நாள் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் பதிவானால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கிறது. 2023 கடும் வெயிலில் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சு நிறுத்தியது. நல்ல முடிவு. ஆனால் ஜொகூர்வாசியான எனக்கு அந்த அளவுகோலில் ஒரு குறை தெரிகிறது: காற்றின் ஈரப்பதம் அதில் இல்லை.

உடல் சூடேறியதும் மூளையின் ஹைப்போதலாமஸ் தோலுக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டி, வியர்க்க வைக்கிறது. வியர்த்தால் மட்டும் உடல் குளிராது. வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். குளுவாங்கில் மழை விட்ட மதியத்தில் அது சொட்டி வீணாகிறது. உடல் வெப்பம் 40ஐத் தாண்டிக் குழப்பமும் மயக்கமும் வந்தால் உயிருக்கே ஆபத்து. திடலில் ஓடும் மாணவனுக்கு இது 33 டிகிரியிலும் நேரலாம். குறுக்கோட்டப் பயிற்சிக்கு முன் ஆசிரியர்கள் ஈரப்பதத்தையும் பார்க்கட்டும்.