பூண்டு ஊர்க்காரன் சொல்கிறேன்



"வெறும் வயிற்றில் நாலு பல் பூண்டு, அஜீரணம் பறந்துவிடும், ஆயுர்வேத ரகசியம்" என்று தினம் ஒருவர் அனுப்புகிறீர்கள். பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டியில் இருந்து சொல்கிறேன்: இது ஆயுர்வேதமே இல்லை, அரைகுறை வைத்தியம்.

ஆயுர்வேதப்படி பூண்டு சூடு, பித்தத்தைக் கூட்டும். மந்தம், உப்புசம் என்றால் உதவலாம். நெஞ்செரிச்சல், புளியேப்பம் என்றால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான். எல்லா வயிற்றுக்கும் ஒரே மருந்தா?

அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படர் சொன்ன கணக்கு வேறு: வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு நீர், கால் பங்கு காலியாக இருக்கட்டும். வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்தபின் உண் என்கிறார். இரண்டுக்கும் காசு செலவில்லை; அதனால்தான் யாரும் அனுப்புவதில்லை. ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவை அடுக்கிவிட்டு, விடிந்ததும் பூண்டைக் கடித்து என்ன பயன்?

என் அண்ணன் நெஞ்சு கனத்ததை 'வாயு' என்று சொல்லி, பூண்டுப்பால் குடித்துவிட்டுப் படுத்தார். மாரடைப்பு. எழுந்திருக்கவேயில்லை.

நெஞ்சை அழுத்தி, வியர்த்துக் கொட்டி, கை, தாடை வலித்தால் அடுப்படிக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அனுப்புவதென்றால் இதை அனுப்புங்கள்.