குளத்தில் உறங்கும் வெப்பம்

குளம் என்றதும் மட்டக்களப்பாராகிய நமக்கு உன்னிச்சைக் குளமும் அதன் நீரில் விளையும் நெல்லுமே நினைவுக்கு வரும். அணுமின் நிலையங்களிலும் குளம் உண்டு. அதன் பணி வேறு.

உலையிற் பயன்பட்டுத் தீர்ந்த எரிபொருட் கோல்கள், வெளியே எடுத்த பின்னரும் வெப்பத்தையும் கதிர்களையும் உமிழ்ந்த வண்ணமிருக்கும். ஆகவே அவற்றை ஆழ்ந்த நீரில் ஆண்டுக்கணக்கில் அமிழ்த்தி வைப்பர். நீர் வெப்பத்தை வாங்கும், கதிர்களைத் தடுக்கும். ஆனால் அந்நீரை ஓயாது குளிர்வித்தல் வேண்டும். கோல்கள் பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகும்.

2011 மார்ச்சில் கடற்கோளினால் ஜப்பானின் புகுஷிமா நிலையம் மின்சாரம் இழந்தபோது, 4ஆம் உலையின் குளம் வற்றிவிடுமோ என உலகம் அஞ்சியது. நல்வாய்ப்பாக வற்றவில்லை. எனினும் அதிலிருந்த 1,535 எரிபொருட் கட்டுகளை அகற்றி முடிக்க 2014 டிசம்பர் ஆயிற்று. 2004இல் கடற்கோளைக் கண்ட கல்லடிக்கும் நாவலடிக்கும் இவ்வச்சத்தை விளக்கவேண்டியதில்லை.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தமிழ்நாட்டுக் கூடங்குளத்திலும் இதே கவலை எழுந்தது. உலைகளுக்குப் புறம்பே தனிச் சேமிப்பகம் 5 ஆண்டுகளுள் அமைக்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் பணித்தது. 2018இல் அத்தவணை 2022 வரை நீண்டது. 2019 ஜூலை 10இல் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்பினிடையே ஒத்திவைக்கப்பட்டது. கோல்களை மீளப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம் என்பது அரசின் வாதம். இறுதியில் எஞ்சுவதை எங்கே வைப்பீர் என்பது மக்களின் வினா.

அவ்வினா நியாயமானதே. புளூட்டோனியத்தின் கதிர்வீச்சுப் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும். குளமோ தற்காலிகத் தங்குமிடம். அதனை விரித்துக்கொண்டே போவது விடையாகாது. இலங்கையிலும் அணுமின் பற்றிய பேச்சு நிகழ்கின்றது. எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கேட்குமுன், தீர்ந்த கோல் எங்கே போகும் என்று நம் மாணவர்கள் கேட்கப் பழகுவார்களாக.